முறை தப்பா இருக்கு, மாத்திருங்க

நடந்தது இவ்வளவுதான். வரிசையாகத் தருகிறேன்.

1. நாங்கள் ஒரு குறும்படம் எடுத்தோம். நூற்பு மில்லுக்கு வேலைக்குப் போகும் பெண்ணும் லோடு வண்டி ஓட்டும் பையனும் விரும்புகிறார்கள், வீட்டில் சம்மதிக்கவில்லை. அதுதான் கதை.

2. யூடியூபில் ஏற்றினோம்.

3. பார்த்தவர்கள் கருத்துச் சொன்னார்கள். எங்கள் இயக்குநர் தினேஷ் ஒருவரைக் கூட விடாமல் பதில் சொன்னான்.

4. ஒருவர், "படம் பாத்தேன். நல்லா இருக்கு. முறை தப்பா இருக்கு. மாத்திருங்க" என்று எழுதினார்.

5. தினேஷ் அதற்கும் பதில் சொன்னான்.

6. மறுநாள் காலை, படத்தில் நாயகியாக நடித்த ஈஸ்வரி எனக்குப் போன் செய்தாள். "அக்கா, படத்த யூடியூப்ல இருந்து எடுக்கச் சொல்றாரு எங்கப்பா. இனிமே உங்ககூட நடிக்க வரக்கூடாதாம்."

இதில் ஐந்தாவதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். மற்றவை எல்லாக் குழுவுக்கும் நடக்கும்.

குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்காக இதை எழுதுகிறேன். எடிட்டிங்கும் ஒலியும் இதுவரை என் பொறுப்பு. கோயம்புத்தூரில் வேலை கிடைத்துவிட்டதால் இனி உங்கள் பொறுப்பு. மைக்கை எங்கே வைப்பது, கோப்புகளுக்கு எப்படிப் பெயர் வைப்பது என்பதையெல்லாம் தனியாக எழுதி வைத்திருக்கிறேன். படித்தால் யாருக்கும் வந்துவிடும். கருத்துச் சொல்பவருக்குப் பதில் எழுதுவது மட்டும் அப்படிப் படித்து வருவதில்லை. தினேஷுக்கு இன்னும் வரவில்லை.

இதை எழுதப் போகிறேன் என்று அவனிடம் சொல்லிவிட்டேன். "எழுதிக்கோ. ஆனா வியூஸ மொத்தமாக் காலி பண்ணது யாருன்னும் சேத்து எழுது" என்றான். எழுதுகிறேன்.

முதலில் ஈஸ்வரியைப் பற்றி. திருச்சுழிக்கு அப்பால் ஒரு கிராமம். அருப்புக்கோட்டையில் பி.காம் முடித்தவள். கல்லூரி ஆண்டு விழா நாடகத்தில் அவளைப் பார்த்துத்தான் கேட்டோம். அவள் உடனே சரி என்றாள். அவள் அப்பா மாரிச்சாமி சரி என்று சொல்ல இரண்டு அறுவடை ஆனது. அதுவும் வாய்விட்டுச் சொல்லவில்லை. படப்பிடிப்பின் முதல் நாள் வந்தார், வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மத்தியானம் வரை பார்த்தார், எழுந்து துண்டை உதறிவிட்டு, "பொழுது சாயிறதுக்குள்ள கொண்டாந்து விட்ருங்க" என்று போய்விட்டார். அதுதான் அனுமதி. படத்துக்காக நாங்கள் பட்ட பாட்டில் பாதி அந்த ஒரு வரிக்காகப் பட்டது. ஈஸ்வரி பட்டது அதைவிட அதிகம்.

இப்போது கருத்துகள். நான் அவற்றை வகை பிரித்து வைத்திருந்தேன். படத்தைப் பார்க்காமலேயே "வேற லெவல்" போட்ட சொந்தக்காரர்கள். படம் இழுக்கிறது என்பதை "லேக்" என்று ஒரே சொல்லில் முடித்தவர்கள். "கண்மாய் கண்மாய்ங்கறீங்க, தண்ணியையே காணோமே?" என்று கேட்ட வெளியூர்க்காரர். நாயகன் ஏன் படம் முழுக்க ஒரே கைலியில் வருகிறான் என்று கேட்டவர். (இருந்தது ஒரு கைலிதான்.) படம் ஏறிய சற்று நேரத்தில் "பார்ட் டூ எப்போ?" என்று கேட்ட ஒரு புண்ணியவான்.

இவற்றில் பாதிக்குப் பதிலே தேவையில்லை. தினேஷ் எல்லாவற்றுக்கும் எழுதினான். கண்மாய்க்காரருக்கு நம் பக்கத்து மழையைப் பற்றி ஒரு கட்டுரை போனது. "லேக்" என்றவருக்கு, "உங்கள் அவசரம் எங்கள் படத்தின் குறை அல்ல" என்று போனது. எங்கள் ஒளிப்பதிவாளன் ரஃபீக், வீரசோழன் ஊர்க்காரன். அவன் சொன்னான்: "ஏலே, படத்துக்கு எழுதுன வசனத்த விட இங்க நெறையா எழுதிட்ட. இதையே படமா எடுத்திருக்கலாம்."

அதிகம் பேர் சொன்ன குறை ஒன்று இருந்தது. கதை முன்னும் பின்னுமாகப் போகிறது, புரியவில்லை என்பது. தினேஷ் படத்தை முடிவிலிருந்து ஆரம்பித்திருந்தான். அதில் அவனுக்குப் பெருமை. அந்தக் குறையைச் சொன்னவர்களோடு தினமும் மல்லுக்கு நின்றான். ஆகவே நான்காவது எண்ணில் உள்ள கருத்து வந்தபோது அவன் காது ஏற்கெனவே ஒரு பக்கம் திரும்பியிருந்தது. மதுரையிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவன், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பதில் அடித்து அனுப்பிவிட்டான். அனுப்பும் முன் நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

ஈஸ்வரியின் போன் வந்ததும் நானும் தினேஷும் ரஃபீக்கும் இரண்டு பைக்கில் கிளம்பினோம். என்ன தப்பு என்று அவள் போனில் சொல்லவில்லை. "நேர்ல வாங்கக்கா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். திருச்சுழியில் டீ குடிக்க நின்றபோது தினேஷ் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டான்.

"கையப் புடிக்கிற ஷாட்டுதான். வேற ஒண்ணும் இல்ல. அது ஏன் கதைக்குத் தேவைன்னு நான் வெளக்குறேன்."

"நீ வாயத் தொறக்காம வந்தாலே பாதி சரியாயிரும்" என்றான் ரஃபீக்.

"டீச்சரம்மா என்ன சொல்லுது?" இது தினேஷ் என்னைப் பார்த்துக் கேட்டது. நான் பட்டியல் போடுவதால் இரண்டு பேரும் வைத்த பெயர்.

"காரணம் தெரியாம வெளக்கம் தயார் பண்ணாத" என்றேன். அவன் காதில் விழவில்லை. மீதி வழி முழுக்க என் பைக்கை ஓட்டியபடியே ஒரு கையை ஆட்டி ஆட்டி ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தான்.

ஈஸ்வரி வீட்டு முற்றத்தில் ஒரு டிராக்டர் நின்றது. சிவப்பு டிராக்டர், பின்சக்கரத்து மட்கார்டில் ஒன்று மட்டும் பச்சை. வேறு வண்டியிலிருந்து கழற்றி மாட்டியது. எனக்கு அதை எங்கோ பார்த்த ஞாபகம். பைக்கை நிறுத்தும்போதே விளங்கிவிட்டது. முறை தப்பு என்று எழுதியவரின் கணக்கில் பெயர் கிடையாது, எழுத்தும் எண்ணும் கலந்த ஏதோ ஒன்று. முகப்புப் படமாக இந்த டிராக்டர் இருந்தது.

தினேஷின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "நேத்து ஒரு டிராக்டர் படத்துக்குப் பதில் போட்டியே?"

"எந்த டிராக்டரு?"

"இந்த டிராக்டரு."

அவன் டிராக்டரைப் பார்த்தான். மட்கார்டைப் பார்த்தான். அதற்குள் மாரிச்சாமி வெளியே வந்துவிட்டார்.

"வாங்க, வாங்க. வெயில்ல வந்திருக்கீக. உக்காருங்க."

மோர் வந்தது. நாங்கள் குடித்து முடிக்கிற வரைக்கும் அவர் காத்திருந்தார். பக்கத்தில் அவர் தம்பி முருகேசன் உட்கார்ந்திருந்தார். ஊரில் மளிகைக் கடை வைத்திருப்பவர். படத்தில் வரும் கடை அவருடையது, படத்தில் வரும் கடைக்காரரும் அவர்தான். ஈஸ்வரி நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். எங்களைப் பார்க்கவில்லை.

"தம்பி, நான் ஒங்கள என்ன கேட்டேன்?" என்றார் மாரிச்சாமி.

"எடுத்த முறை தப்புன்னு சொன்னீங்கய்யா" என்றான் தினேஷ். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"எடுத்த முறையா?"

"ஆமாய்யா. கதைய முன்னாடி பின்னாடி மாத்திச் சொல்ற முறை. நான்-லீனியர்னு சொல்லுவாங்க. புதுசா பாக்குறவங்களுக்கு மொதல்ல ஒரு மாதிரி..."

மாரிச்சாமி தம்பி பக்கம் திரும்பினார். "இவுக என்ன சொல்றாக?"

"எனக்கும் வெளங்கலண்ணே" என்றார் முருகேசன். "வெளங்குனத நான் கேக்கேன். தம்பி, படத்துல நம்ம ஈசுவரி கடைக்கு வந்து என்னைய என்னான்னு கூப்புடுது?"

"சித்தப்பான்னு."

"சரி. அந்த லோடு வண்டிக்காரப் பய வந்து என்னான்னு கூப்புடுறான்?"

"அவனும் சித்தப்பான்னுதான்" என்றான் தினேஷ்.

"அவனுக்கும் நான் சித்தப்பன். இவளுக்கும் நான் சித்தப்பன். அப்ப அவனுக்கு இவ என்ன முறை?"

ரஃபீக் டம்ளரைக் கீழே வைத்தான். "யா அல்லா" என்றான், மெதுவாக.

சித்தப்பா ஒருவரே என்றால் இரண்டு பேரும் அண்ணன் தங்கை. நம் ஊரில் இதற்குக் கணக்குப் போட வேண்டியதில்லை, கேட்ட மாத்திரத்தில் மண்டையில் ஏறிவிடும். அண்ணனும் தங்கையும் கண்மாய்க் கரையில் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள், பின்னால் புல்லாங்குழல் ஒலிக்கிறது. அந்தப் படத்தைத்தான் நாங்கள் உலகத்துக்குக் காட்டியிருந்தோம்.

"கடைக்கு வார பயலுவ பூராம் கேக்கான்" என்றார் முருகேசன். "'சித்தப்பா, ஒங்க அண்ணன் மகனுக்கும் அண்ணன் மகளுக்கும் கல்யாணமாமே, பந்தி உண்டா?'ங்கிறான். பீடி வாங்க வந்தவன் கேக்கான்ய்யா!"

சிரிப்பு வந்தது. யாரும் சிரிக்கவில்லை. மாரிச்சாமி சொன்னார்: "அதுக்கு நானுந்தான் சிரிச்சேன். பிள்ளைக ஏதோ கவனிக்காம விட்டுட்டாக, சொன்னா மாத்திருவாகன்னுதான் எழுதுனேன். ஈசுவரி, தம்பி என்ன எழுதியிருக்காகன்னு வாசி."

ஈஸ்வரி போனை எடுத்து வாசித்தாள். ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசித்தாள்.

"நன்றி நண்பரே. இது தெரிந்தே எடுத்த முறை. எங்களுக்கு இந்த முறைதான் சரி. ஊரில் நாலு பேர் தப்பு என்று சொல்வதற்காக மாற்றிக்கொள்ள மாட்டோம். பழகினால் உங்களுக்கும் பிடிக்கும்."

"கடேசில ஒரு சிவப்பு இதயம் போட்டிருக்கு" என்று சேர்த்துக்கொண்டாள்.

அந்தப் பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டுவிட்டார்கள். படத்தைப் பார்க்காதவர்களும் பதிலைப் பார்த்துவிட்டார்கள். படம் கொடுத்தது ஒரு நாள் கேலி. வெட்கக்கேட்டைக் கொடுத்தது பதில்தான். ஈஸ்வரியின் அம்மா உள்ளேயிருந்தே சொன்னார்: "படம் பாத்தன்னைக்குச் சாப்புட்டாக. இதப் பாத்ததுல இருந்து சாப்புடல."

அந்தச் சொல் எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வசனத்தாளில் இரண்டு பேருக்குமே 'அண்ணாச்சி' என்றுதான் இருந்தது, எந்தக் கடைக்காரரையும் யாரும் கூப்பிடும் பொதுச்சொல், அதில் உறவு வராது. ஈஸ்வரி தன் சொந்தச் சித்தப்பாவின் கடையில் நின்று நடித்ததால் பழக்கத்தில் சித்தப்பா என்றாள். இயல்பாக இருக்கிறது என்று தினேஷ் அதை வைத்துக்கொண்டான். நாயகனாக நடித்த சரவணன் அருப்புக்கோட்டைக்காரன், தாளில் உள்ளபடி அண்ணாச்சி என்றே பேசினான். டப்பிங்கின்போது தினேஷ் கையைத் தூக்கினான். "ஒரே கடைக்காரர். அவ ஒண்ணு சொல்றா, இவன் ஒண்ணு சொல்றான். கண்டினியூட்டி அடிபடுது. ரெண்டையும் ஒண்ணாக்கு." ஆக்கினோம். அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் சொந்தத்தில் சித்தப்பா உண்டு. எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு, அங்கேயும் கணக்கு இதேதான். ஆனால் அன்றைக்கு எங்களில் யாரும் அதை உறவாகக் கேட்கவில்லை. ஒலியாகக் கேட்டோம்.

திரும்ப முற்றத்துக்கு வருகிறேன். நீங்கள் கவனிக்க வேண்டியது இந்த இடம்.

தினேஷுக்கு இப்போதாவது நடந்தது புரிந்துவிட்டது. புரிந்ததும் அவன் செய்ய நினைத்தது, விளக்குவது. "ஐயா, நான் மேக்கிங்கத்தான் சொன்னேன், ஒறவு முறைய இல்ல, அந்தப் பதில நீங்க அந்த அர்த்தத்துல படிச்சீங்கன்னா..." என்று ஆரம்பித்தான். ஈஸ்வரி முதல் முறையாக அவனைப் பார்த்தாள்.

"அண்ணே, ஊர்ல எவன் கேட்டாலும் நான் பதில் சொல்லிருவேன். எங்கப்பா கேட்டதுக்கு நீங்க சொல்லியிருக்கீங்களே பதிலு, அதுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

அவன் என் பக்கம் குனிந்து முணுமுணுத்தான். "பதில மட்டும் அழிச்சிருவோம். படத்த எடுத்தா வியூஸ் பூரா போயிரும். கமெண்ட்ஸும் போயிரும். திரும்ப ஏத்துனா பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்கணும்."

அவன் சொன்னது உண்மைதான். யூடியூபில் ஏற்றிய படத்தின் ஒலியில் ஒரு சொல்லை மாற்றிவிட்டு அதே இடத்தில் வைக்க வழியில்லை. புதிதாகத்தான் ஏற்ற வேண்டும். பழைய எண்ணிக்கை போய்விடும். ஆனால் முணுமுணுப்பு மாரிச்சாமி காதில் விழுந்துவிட்டது.

"வியூஸுன்னா?"

"எத்தன பேரு பாத்தாகங்கிற கணக்குப்பா" என்றாள் ஈஸ்வரி.

"அதத்தான தாயி நான் வேணாங்கிறேன்."

அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. பதிலை மட்டும் அழித்தால் மாட்டிக்கொண்டு ஒளிந்த மாதிரி ஆகும், ஸ்கிரீன்ஷாட் எடுத்தவர்களிடம் பதில் எப்படியும் இருக்கும். கடைக் காட்சியை மட்டும் வெட்டினால் ஊருக்கு அது தெரியாது. "இப்பவே எடுத்துடுறேங்கய்யா" என்று போனை எடுத்தேன். சேனலின் கடவுச்சொல் என்னிடம் இருந்தது. தினேஷ் "ஏய், ஏய்" என்று எழுந்தான்.

சிக்னல் இல்லை.

"டிராக்டர் மேல ஏறுக்கா, அங்கதான் கெடைக்கும்" என்றாள் ஈஸ்வரி.

ஏறினேன். இருக்கை அடுப்பாகக் கொதித்தது. உட்கார முடியாமல் நின்றுகொண்டே, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, மாரிச்சாமியும் முருகேசனும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, படத்தை யாரும் பார்க்க முடியாதபடி மாற்றினேன். ரஃபீக் கீழேயிருந்து, "நல்ல லோ ஆங்கிள், கேமராதான் இல்ல" என்றான். யாரும் அவனைச் சட்டை செய்யவில்லை. ஈஸ்வரி தன் போனில் பார்த்துவிட்டு, "போயிருச்சுப்பா" என்றாள். மாரிச்சாமி தலையை ஆட்டினார். இன்னொரு தடவை மோர் வந்தது. தினேஷ் குடிக்கவில்லை.

திரும்பும்போது தினேஷ் ரஃபீக்கின் பைக்கில் ஏறிக்கொண்டான். அந்த எண்ணிக்கையைச் சேர்க்க அவன் ஏறி இறங்காத வாட்ஸ்அப் குழு கிடையாது. எனக்கும் வருத்தம்தான். ஆனால் தன் முகத்தைக் கொடுத்தவள் அங்கே நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். நாங்கள் கொடுத்தது உழைப்பு மட்டும். நம் பெயர் படத்தின் கடைசியில் சின்ன எழுத்தில் ஓடும், யாரும் படிக்க மாட்டார்கள். கடைத்தெருவில் அடையாளம் தெரிவது நடித்தவர்களைத்தான். யாருடைய சொல்லுக்கு முதலில் பதில் என்று குழப்பம் வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. குறும்படத்துக்கு வருவதற்கு முன் நான் ஒரு கல்யாண வீடியோ ஸ்டுடியோவில் எடிட்டிங் செய்தேன். முதலாளி கடுகடுப்பான ஆள். ஒரு நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. ஒருநாள் ஒரு பெண் வீட்டார் வந்து, "தாலி கட்டுற எடம் சரியா வரல" என்றார்கள். நான் வெளிச்சம், லென்ஸ், கூட்டம் என்று சொல்லத் தொடங்கினேன். அவர் என்னைக் கையமர்த்திவிட்டு அவர்களிடம் ஒரே கேள்வி கேட்டார்: "எந்த எடத்துல? தொட்டுக் காட்டுங்க." பெண்ணின் அம்மா திரையில் ஒரு மூலையைத் தொட்டார். தாய்மாமனின் பாதி முகம் வெட்டுப்பட்டிருந்தது. வெளிச்சம் பற்றி அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. தினேஷ் பஸ்ஸில் நின்றுகொண்டு அந்த ஒரே கேள்வியைத் திருப்பிக் கேட்டிருந்தால் மாரிச்சாமி "கடை சீன்ல" என்று எழுதியிருப்பார். அதோடு முடிந்திருக்கும்.

படத்தைத் திருத்துவது சுலபமாக இருந்தது. சரவணன் படப்பிடிப்பில் பேசிய அண்ணாச்சி என் கணினியில் அப்படியே கிடந்தது. எடுத்து ஒட்டினேன். உதடு கூடப் பொருந்தியது, அவன் பேசியதே அதுதானே.

கடினமாக இருந்தது அதனோடு போட வேண்டிய குறிப்பு. தினேஷ் எழுதிக் கொண்டுவந்த முதல் வடிவத்தில் 'படைப்பாளியின் நோக்கம்' இரண்டு இடத்தில் இருந்தது, 'திரைமொழி' மூன்று இடத்தில். இரண்டாவது வடிவத்தில், 'சிலரது மனம் புண்பட்டிருந்தால்' என்றிருந்தது. "இருந்தாலா? மனுஷன் சாப்புடலடா" என்றான் ரஃபீக். கடைசியில் மூன்று வாக்கியம் மிஞ்சியது. முதலில் ஏற்றிய படத்தில் ஓர் உறவுமுறைச் சொல் தவறாக வந்துவிட்டது. நடித்தவர்களுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. அதைச் சுட்டிக்காட்டியவரின் கருத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு பதில் எழுதியது இயக்குநராகிய நான், அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

'இயக்குநர்' என்ற சொல்லில்தான் சண்டை. "படக்குழுன்னு போடலாமே. எல்லாருந்தான இருந்தோம்."

"படக்குழுல ஈஸ்வரியும் இருக்கா" என்றேன்.

தினேஷ் அந்தச் சொல்லை அப்படியே விட்டுவிட்டு, அவனே பொத்தானை அழுத்தினான். அதை அவனுக்குச் சாதகமாக எழுதி வைக்கிறேன். படம் மறுபடி ஏறிய அன்று வந்த முதல் கருத்து: "ஏற்கனவே பாத்த படம்தானே, வியூஸுக்கு இப்படியுமா?" தினேஷ் அதற்குப் பதில் அடித்துவிட்டு அனுப்பாமல் போனை என்னிடம் நீட்டினான். நான் அழித்தேன்.

இன்றைய நிலவரம் இது. படம் யூடியூபில் இருக்கிறது. பழைய எண்ணிக்கையில் பாதி கூட வரவில்லை. குழுவில் எந்தப் பதிலும் இன்னொருவர் படிக்காமல் போகக் கூடாது என்று வைத்திருக்கிறோம், தினேஷ் இரண்டு முறை மீறியிருக்கிறான். மாரிச்சாமி ஈஸ்வரியைத் திரும்பவும் நடிக்க விட்டுவிட்டார். விருதுநகரிலிருந்து ஒரு குழு கேட்டு வந்தது, கதையை உட்கார வைத்துக் கேட்டார், சரி என்றார். பாலவனத்தத்தில் படப்பிடிப்பு நடக்கிறது. எங்களோடு வருவாளா என்று போன வாரம் நான் அவளிடம் கேட்டேன். "அப்பா விட்ருவாருக்கா. நான்தான் வரல" என்றாள். நம் அடுத்த படத்துக்கு நாயகி இல்லை.